சீர்க்கன்று

எண்பத்தேழாம் வருஷத்து ஆடியில் ராஜம்மாவின் தோட்டத்தில் முதல் ரஸ்தாளி வாழை சாய்ந்தது. அடியிலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றித் தொங்கின. கன்னியப்பன் தண்டை வெட்டி மனைவியிடம் காட்டினான். உள்ளே வட்டமாகச் செம்பழுப்புப் புள்ளிகள்.

"வாடல் நோவுடி. கிழங்குலயும் மண்ணுலயும் இருந்துகினு உள்ளாறயே தின்னுது. பாயுற தண்ணியோட பரவும். ரஸ்தாளிக்குப் பிறவியிலயே இதத் தாங்குற சக்தி கெடையாது. பூவனுக்குக் கீது, பாரு."

அதே வரிசையில், அதே தண்ணீர் குடித்த பூவன் மரங்கள் கல்லு மாதிரி நின்றன. ராஜம்மாவுக்கு அவற்றைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

போன தை மாசம் மகள் வனஜாவைக் கட்டிக்கொடுத்தபோது, தாய்வீட்டு வாழைக்கன்றும் சீரோடு போனது. அது அவர்கள் வழக்கம். பக்கத்துக் கொல்லையில் ரஸ்தாளி வாடிக் காயுது, பூவன் கொடு என்று கன்னியப்பன் தலைபாடாக அடித்துக்கொண்டான். இவள் கேட்டாளா? "பொட்டிக்கடையில தொங்குற பழத்தயா சீர்ல வெப்பாங்க? என் பொண்ணு இன்னா அனாதையா?" என்று மனுஷன் வாயை அடைத்துவிட்டு, ரஸ்தாளியிலேயே கொழுத்த கன்றாகத் தோண்டி மஞ்சள் தடவி அனுப்பினாள். அத்தனை வீம்பு!

நெமிலிச்சேரியில் சம்பந்தி வீட்டுத் தோட்டம் முழுக்க ரஸ்தாளி. அதுதான் அவர்களுக்குச் சோறு. அது படுத்தால் நோய் என்றா சொல்வார்கள்? வந்தவள் கால் சரியில்லை என்பார்கள்.

மறுநாளே ராஜம்மா பூந்தமல்லி வந்து, ஆவடியில் ரயில் பிடித்துப் போனாள். கன்றைப் பிடுங்க என்ன சாக்குச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சம்பந்தி தாயம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க சம்மந்தி! வனஜா கால் வெச்ச நேரம், ஊட்ல எல்லாம் நல்லதாவே நடக்குது. உங்க கன்ன எங்க வெச்சிருக்கோம்னு வந்து பாருங்க."

வாய்க்கால் தலைப்பில் நட்டிருந்தார்கள். மரியாதையான இடம். தண்ணீர் அதன் அடியை நனைத்துவிட்டுத்தான் தோட்டம் முழுக்கப் பாயும். ராஜம்மா குனிந்து பார்த்தாள். அடியிலை ஓரமெல்லாம் மஞ்சள்.

"தண்ணி பத்தல போல," என்றாள் தாயம்மா. "உள்ளாற நாலு மரம் கூட இப்படித்தான் தொங்குது. வனஜாவ ரெட்டையா பாய்ச்சச் சொல்லிக்கீறேன்."

அதற்குமேல் ராஜம்மாவால் தாங்க முடியவில்லை. "தண்ணி இல்ல சம்மந்தி, நோவு. என் கன்னோட வந்தது. தப்பு என்னுது. என் பொண்ண ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்று ஓவென்று அழுதாள்.

தாயம்மா கன்றைப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

அம்மாவின் குரல் கேட்டு வனஜா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"அங்கியே நில்லு," என்றாள் தாயம்மா. "தோட்டத்துல கால் வெக்காத."