பள்ளிக்கூடத்து வேகத்தடை

"லே பெனோ, வண்டிய எடு. பெட்டி ஏத்துத வேன் உள்ள வரணும்லா."

சாமியானாவுக்கு வெளியே நின்று ஹெப்ரான் மாமா சத்தம் கொடுத்தார். பெனோ சாவியைத் தேடுவதுபோல் இரண்டு பைகளையும் தடவினான். சாவி வலது பையில்தான் இருந்தது. நேற்று ஆம்புலன்சில் அப்பாவின் உடம்பை ஏற்றிவிட்டு, அதன் பின்னாலேயே காரை ஓட்டிவந்து தெருவில் விட்டவன் பிறகு அதன் பக்கம் போகவில்லை.

வாசலில் சாக்கடைமேல் போட்டிருந்த சிமென்ட் சரிவில் அந்தக் கார் ஏறாது. அதனால் எப்போதும் தெருவில்தான் நிற்கும். துட்டி கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சக்கரங்களின் மேல்விளிம்பு உடம்புக்குள் மறைய, தரையோடு பதுங்கிக் கிடந்தது அந்த நீல நிறக் கார். மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். கார் வந்த முதல் நாளே, "இது காராலே, உடும்பாலே?" என்று கேட்டுத் தெருவையே சிரிக்க வைத்தார். இன்று அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தான். முன்சீட்டு பின்னுக்குச் சாய்ந்தபடியே கிடந்தது. அதன் கீழே அப்பாவின் ரப்பர் செருப்புகள், வீட்டு நடையில் கழற்றி வைத்ததுபோல ஒழுங்காக, ஜோடியாக இருந்தன.

பெனோ கண்ணைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

காரை வேதக்கோயில் பக்கம் விட்டுவிட்டு வந்தபோது குளிர்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரவு ரயிலில் பெங்களூரிலிருந்து வந்த பெர்லின் அக்கா அம்மாவின் மடியில் தலையை வைத்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா அப்பா என்ன சொன்னாங்கடே? ஒன்கிட்டதான பேசியிருப்பாங்க."

பெனோ அம்மாவைப் பார்த்தான்.

"ஒண்ணும் பேசல ஏட்டி," என்றாள் அம்மா. "சீட்டச் சாய்ச்சுப் படுக்க வச்சான். அப்படியே கண்ணயர்ந்த மாதிரிதான் வந்தாங்க."

"சொந்தக் கார்ல, பெத்த பிள்ளை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். எத்தன பேருக்குக் கெடைக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. அம்மா சேலைத் தலைப்பால் குளிர்பெட்டியின் கண்ணாடியில் கோத்திருந்த நீரைத் துடைத்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் காரை அவன் கொச்சியிலிருந்து வாங்கி வந்தது போன வருஷம். பழையது என்றாலும் பாய்ச்சலான வண்டி. கொஞ்சம் தாழ்ந்து நின்றால்தான் அதற்கு அழகு என்று அவனுக்கு ஓர் ஆசை. அதற்கென்றே விற்கிற ஸ்பிரிங்குகளின் விலையைக் கேட்டுவிட்டு மேலப்பாளையம் ஹபீப் முகம்மதுவின் பட்டறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, அவர்தான் வழி சொன்னார். இதே கம்பெனியில் இதே அடித்தளத்தில் செய்த சின்னக் கார் ஒன்று உண்டு. அடிபட்டு உடைந்த அந்த மாதிரி வண்டியின் ஸ்பிரிங்குகள் பழைய சாமான் கடையில் கிடைக்கும்.

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைக தம்பி. அதுல உள்ளது இதுல அப்படியே போய் உக்காந்துக்கிடும். ஆனா அது எடை கம்மி. இது பாரம். மூணு விரக்கட உயரம் இறங்கிரும். பின்னால ஆளு ஏறினா இன்னும் அழுந்தும், பாத்துக்கிடுங்க."

"பின்னால யாரு ஏறப் போறா," என்றிருந்தான் பெனோ.

ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு, கல்யாணங்களுக்கு, அம்பாசமுத்திரம் சந்தைக்கு. ஆள் ஏறிவிட்டால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் காரின் அடி உரசியது. ஒருமுறை எண்ணெய்த் தொட்டியே நசுங்கியது. அதன் பிறகுதான் அப்பா இறங்கத் தொடங்கினார். அப்பா சுவிசேஷமுத்து ஓய்வு பெறும்வரை அரசு பஸ்ஸில் நடத்துனர். வண்டியை விட்டு இறங்குவதும், குனிந்து பார்ப்பதும், கை காட்டுவதும் அவருக்குப் பிடித்த வேலை என்றே பெனோ நினைத்துக்கொண்டான். அம்மாவும் இறங்கித் தடையைத் தாண்டி நடந்து போவாள். அப்பா எதிரே நின்று, ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, சக்கரத்தைக் கண்ணால் அளப்பார்.

"பைய... பைய... நேரா விடாத, ஒடிச்சு வா. ஒத்தச் சக்கரமா ஏத்து. வா... வா... ரைட்!"

அந்த 'ரைட்'டுக்கு ரோட்டோரம் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் பெனோவுக்கு வெட்கமாக இருந்தது. அது காருக்கு அல்ல, அப்பாவின் சத்தத்துக்கு. "பைய சொல்லுங்கப்பா" என்றுகூடக் கேட்டிருக்கிறான். போகப்போகப் பழகிவிட்டது. வேகத்தடை தெரிந்ததும் அவன் நிறுத்துவான். கதவு திறக்கும். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

நேற்றுக் காலையில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது.

"ஹெப்ரானக் கூப்பிடு. ஆட்டோவுல போயிருவோம்," என்றாள் அம்மா.

"ஆட்டோல குலுக்கும்மா. நம்ம வண்டி இருக்கும்போது எதுக்கு?"

சீட்டைச் சாய்த்து அவரைப் படுக்க வைத்தான். அம்மா பின்னால் ஏறினாள். கால்வாய்ப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் வந்தது. அதன் வாசலில்தான் அந்தப் பக்கத்திலேயே உயரமான வேகத்தடை.

இறங்குங்கள் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தினான். அடி நசுங்கி எண்ணெய் கொட்டிவிட்டால் வண்டியே நின்றுபோகும், அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று நேற்றிலிருந்து தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான். அவனுக்கே அது ஏறவில்லை. பிரேக்கை மிதித்தபோது அவன் எதையும் யோசித்திருக்கவில்லை. அந்த நேரத்திலும் அவன் காலுக்குத் தெரிந்திருந்தது காரின் அடிவயிறு மட்டும்தான்.

"நீங்க இருங்க, நான் மட்டும் இறங்குதேன்," என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் முன்கதவு திறந்துவிட்டது. அப்பா வெறுங்காலோடு இறங்கினார். கார் மூக்கில் கையை ஊன்றி ஊன்றி முன்பக்கம் போனார். அவன் அப்போதாவது சத்தம் போட்டிருக்கலாம். கீழே இறங்கி ஓடிப் பிடித்திருக்கலாம். அவர் குனிந்தார். உதடு அசைந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. கை காட்டினார். அவன் ஒடித்து ஏற்றினான். உரசவே இல்லை.

கை இறங்கும்போது வாய் சொன்னது அவனுக்குத் தெரியும். கேட்கவேண்டியதே இல்லை.

திரும்ப ஏறியவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த தடையில் அவன் நிறுத்தவில்லை. அடி 'கரக்'கென்று கிழிபடுகிற சத்தத்துக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், "நடக்க விடாம, அசைக்காம கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். பெனோ வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமா டாக்டர்" என்றாள்.

இன்று மேற்கே மலையில் சாரல் போலும். காற்று சாமியானாவைத் தூக்கித் தூக்கி அடித்தது. அதன் ஒரு காலுக்கு முட்டுக்கொடுக்க மாமா பின்கட்டிலிருந்து எதையோ சாக்கோடு இழுத்து வந்து போட்டிருந்தார். மாலை வாங்கி வந்த ஹபீப் முகம்மது, அதைக் குளிர்பெட்டிமேல் வைத்துவிட்டு வந்து பெனோவின் பக்கத்தில் நின்றார். காற்றில் சாக்கு விலகியபோது குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது நம்ம வண்டியில கழட்டின ஸ்பிரிங்குல்லா?"

நான்கும் இருந்தன. துருவின் சாயலே இல்லாமல், சுருளுக்குச் சுருள் மசகு தடவி, பழைய காக்கிச் சட்டைத் துணியில் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருந்தன.

"நல்லா வச்சிருக்கியளே. மாட்டினா புதுசு மாதிரி உக்காரும். யாரு, நீங்களா கிரீஸ் போட்டது?"

பெனோ இல்லையென்று தலையசைத்தான். ஹபீப் முகம்மது துணியைத் திரும்பச் சுற்றி, சாக்கை மூடி, முட்டு நகராமல் காலால் நெருக்கி வைத்தார்.

கோயிலில் போதகர் ஐயர் சுருக்கமாகப் பேசினார். "பிள்ளையினுடைய வாகனத்திலே, பிள்ளையினுடைய பக்கத்திலே, சமாதானமாய் நித்திரையடைந்தார்," என்றார். பெனோ பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டிமேல் மண் போடும்போது மாமா முழங்கையைத் தாங்கிக்கொண்டார். "அழுதுருலே," என்று காதில் சொன்னார். அழுதால் அது அப்பா போன துக்கம் என்று மட்டும் ஆகிவிடும் போலிருந்தது.

திரும்பும்போது, கார் நின்ற கோயில் வாசலில் மாமா ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினார். பெர்லின் ஏறிவிட்டாள்.

"எக்கா, நீயும் ஏறு," என்றார் அம்மாவிடம்.

"அவன் தனியா வாறான்லா. நான் அதுல வாறேன்."

அம்மா பின்சீட்டில் ஏறினாள். சாய்ந்து கிடந்த முன்சீட்டு அவள் முழங்காலை முட்டியது. அதை நிமிர்த்தச் சொல்லவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்புகள் அங்கேயே கிடந்தன.

பள்ளிக்கூடம் வந்தது. வாசல் பூட்டியிருந்தது. இன்று நிறுத்தப் போவதில்லை, அடி கிழிந்து எண்ணெய் ரோட்டில் கொட்டட்டும் என்று கோயிலிலேயே நினைத்து வைத்திருந்தான். வேகத்தைக் குறைத்தான். அவ்வளவுதான், பின்னால் கதவின் கொண்டி விடுபடும் சத்தம் கேட்டது. நிறுத்தவேண்டியதாயிற்று.

"இரும்மா. இறங்காத."

"இருக்கட்டும்."

"எம்மா..."

கதவு சாத்தப்பட்டது. வெள்ளைச் சேலையின் கீழ்க்கரையில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. இறங்கினால் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவதுதான் வழக்கம். இன்று தடையைத் தாண்டியதும் நின்றாள். காரின் பக்கம் திரும்பினாள். முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.

மாமாவின் ஆட்டோ பின்னால் வந்து நின்றது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. காரின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெனோவின் கால் கிளட்சை விட்டு எழவில்லை.

அம்மா கையை இறக்காமல் நின்றாள்.