பான்யோ அக்கா

ஐஸ் மிஷின் ஓடுகிற பத்து நிமிடம் கோட்டைப்பட்டினத்துக் கணவாய் மீன் ஷெட்டில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. செபமாலை அண்ணன் பாளம் பாளமாக ஐஸைத் தூக்கி மிஷின் வாயில் போடுவார். அது கடகடவென்று அரைத்துத் துப்பும். முப்பது பெண்கள் கையுறையை மாட்டிக்கொண்டு, வெட்டுகிற மேசைக்கு முன்னால் சும்மா நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மர்யம் ஸ்பானிஷ் படித்தாள்.

படித்தாள் என்றால் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு அல்ல. போனை முக்காட்டுக்குள் காதோடு செருகிக்கொள்வாள். ஸ்பெயினில் ஓட்டல் வேலை பார்க்கும் திருச்சிக்காரர் ஒருவர் வாரம் இரண்டு பாடம் பேசிப் போனில் போடுகிறார். ஒரு பாடத்துக்கு நாலே வாக்கியம். அவர் சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள். மிஷின் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமே, அதனால் தொண்டை கிழியக் கத்துவாள். ஒருநாள் நடுவில் பெல்ட் கழன்று மிஷின் பொசுக்கென்று நின்றுவிட்டது.

"தோந்தே எஸ்தா எல் பான்யோ!"

ஷெட் முழுக்க அந்த ஒரு குரல்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மீனம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரைத்தா இந்தத் திட்டு திட்டுற?"

"திட்டலக்கா. கக்கூஸ் எங்க இருக்குன்னு கேக்குறேன்."

"அதை இங்கிட்டுத் தமிழ்ல கேட்டாலே பதில் இல்ல. வெள்ளக்காரன் பாஷையில கேட்டா மட்டும் மொளச்சிருமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து அவளுக்கு 'பான்யோ அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் ஏன் இந்தப் பாடுபட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இல்லாவிட்டால் உங்களுக்கும் சிரிப்புத்தான் வரும்.

அந்த ஷெட்டில் கணவாயைச் சுத்தம் செய்து, பெட்டி போட்டு, ஸ்பெயினுக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கிருந்து பிலார் என்று ஒரு அம்மா வந்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது சூப்பர்வைசர் ரிஃபாய். ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் ஆறு வருடம் மீன் தூக்கியவர் அவர். அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள்.

ஜனவரியில் பிலார் வந்தபோது, மர்யம் நின்ற மேசைக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். குரலில் கரிசனம் இருந்தது. அதில் 'பான்யோ' என்று ஒரு சொல் இரண்டு தடவை வந்தது. ரிஃபாய் இரண்டே வார்த்தையில் தமிழாக்கினார்.

"கையுறை இருக்கான்னு கேக்குறாங்க. தலைய ஆட்டுங்க."

முப்பது பேரும் தலையை ஆட்டினார்கள். மர்யமும் ஆட்டினாள். ஆனால் அவ்வளவு நீளமான கேள்விக்கு இவ்வளவு குட்டித் தமிழா என்று அவளுக்கு உறுத்தியது. எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் ஆட்டிவிட்டோமே என்கிற உறுத்தல் வீட்டுக்குப் போயும் விடவில்லை. அந்த வாரமே போனில் திருச்சிக்காரரைத் தேடிப் பிடித்தாள்.

ஷெட்டில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. காலை ஆறு மணிக்கு வந்தால் மூன்று மணிவரை வேலை. ஒதுங்கப் பின்னால் கருவக்காடு, அதை ஒட்டி ரோடு, ரோட்டில் எந்நேரமும் மீன் வண்டி. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தூணோரம் தண்ணீர் கேனும் டம்ளரும் இருக்கும். டம்ளரில் தூசி படிந்திருக்கும். மார்ச்சில் மர்யமுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் தூக்கிப்போட்டு, அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுக்கையில் கிடந்தாள்.

"நல்லா தண்ணி குடிங்கம்மா. இன்னொரு தடவை வந்தா கிட்னி தாங்காது" என்றார் டாக்டர்.

"குடிக்கிறேங்க டாக்டர். குடிச்சிட்டு எங்க போறதுன்னும் எழுதிக் குடுங்க" என்றாள் மர்யம்.

அந்தக் கட்டிலில் கிடந்தபடிதான் பதினெட்டாம் பாடம் கேட்டாள். பான்யோ என்றால் கழிவறை. ஜனவரியில் அந்த அம்மா கேட்டது கையுறையை அல்ல. உங்களுக்குக் கழிவறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது என்று இவளே தலையாட்டியிருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே ரிஃபாயிடம் போனாள்.

"அண்ணே, மாடியில ஆபீஸ் பக்கத்துல ஒண்ணு பூட்டியே கெடக்கே. அதையாவது தொறந்து விடுங்களேன்."

"நா என்னத்தா பண்றது? மீன் வெட்டுற எடத்துல பொம்பளைங்க கக்கூஸ் இருந்தா ஸ்பெயின்காரங்க ஆர்டரையே கேன்சல் பண்ணிருவாங்க. அவுங்க சட்டம் அப்புடி."

"அவுங்க ஊருப் பொம்பளைங்க எங்க போவாங்கண்ணே?"

"வேலையப் பாரு மர்யம்."

அவள் வேலையையும் பார்த்தாள், பாடத்தையும் விடவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஷெட் இரண்டு மாதம் மூடிக்கிடந்தபோது வீட்டு மிக்ஸியை ஓடவிட்டுக் கத்தினாள். சத்தம் இல்லாமல் அவளுக்கு நாக்கு புரளவில்லை. ஷெட் திறந்ததும் செபமாலை மிஷினை இரண்டு நிமிடம் கூடுதலாக ஓட்ட ஆரம்பித்தார். கேட்டால், "ஐஸ் கெட்டியா இருக்கு" என்பார்.

கேலியும் நிற்கவில்லை. யாராவது கருவக்காட்டுப் பக்கம் நடந்தால் மேசையிலிருந்து ஒருத்தி, "தோந்தே எஸ்தா எல் பான்யோ?" என்று ராகம் போடுவாள். போகிறவள் திரும்பிப் பார்த்து, மர்யமின் அடுத்த வாக்கியத்தைச் சொல்வாள்: "நோ தெனேமோஸ் பான்யோ." எங்களுக்குக் கழிவறை இல்லை. மீனம்மாள் மட்டும் அதை, "நோ தெனேமோஸ் பான்யோங்க" என்பாள்.

"அதுல 'ங்க' கெடையாதுக்கா."

"வெளியூருக்காரவுககிட்ட மொட்டையாவா பேசுவாக? அவுக பாஷையில இல்லாட்டி என்ன? நம்ம மரியாதைய நாம வச்சுக்குவோம்."

கடைசியில் எல்லோரும் 'ங்க' போட்டுத்தான் சொன்னார்கள்.

ஆகஸ்டில் பிலார் மறுபடி வந்தார். அன்று காலை எப்போதும்போல மாடிக் கழிவறையைத் திறந்து, பினாயில் ஊற்றி, கதவில் ஒரு போர்டைத் தொங்கவிட்டார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் 'பெண்கள்'. சாயங்காலம் அந்த அம்மாவின் கார் கண்ணுக்கு மறைந்ததும் பூட்டிவிடுவார்கள். விருந்தாளிக்காகச் செய்கிறார்கள் என்றே இத்தனை நாள் பெண்கள் நினைத்திருந்தார்கள்.

ரிஃபாயும் ஏமாளி இல்லை. 'பான்யோ அக்கா' என்கிற பெயர் அவர் காதிலும் விழுந்துகொண்டுதானே இருந்தது?

"மர்யம், இன்னைக்கு ஐஸ் ரூம்ல பெட்டி அடுக்கு. நா கூப்பிடுற வரைக்கும் வெளிய வராதே."

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஏழு மாதம் வாயில் போட்டு மென்ற சொற்களோடு அவள் குளிரில் நின்றாள்.

வெளியே பிலார் மேசை மேசையாக வந்தார். அதே கேள்வி, அதே கரிசனம், அதே பான்யோ. ரிஃபாய் தமிழில் சொன்னார்.

"சம்பளம் ஒழுங்கா வருதான்னு கேக்குறாங்க. தலைய ஆட்டுங்க."

ஒரு தலையும் ஆடவில்லை. ரிஃபாய் குரலை உயர்த்தினார். "மீனம்மா, ஒனக்குக் காது அடச்சிருச்சா?"

மீனம்மாள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நோ தெனேமோஸ் பான்யோங்க."

பின்னாலிருந்து இன்னொருத்தி சொன்னாள். அப்புறம் எல்லா மேசையும் சொன்னது. கேலி செய்து செய்து பழகிய வாய்கள் அல்லவா, ஒரு எழுத்து பிசகவில்லை. பிலார் திகைத்துப்போய் மளமளவென்று ஏதோ கேட்டார். அவ்வளவுதான், இவர்கள் சரக்கு தீர்ந்துவிட்டது. மீனம்மாள் நேரே போய் ஐஸ் ரூம் கதவை இழுத்துத் திறந்தாள்.

"ஏத்தா பான்யோ, வெளிய வா! அந்தம்மா என்னமோ கேக்குது. எங்களுக்குப் பாதிப் பாடந்தான் தெரியும்."

மர்யம் குளிரில் பல் கிட்டிப்போய் வெளியே வந்தாள். ரிஃபாய் குறுக்கே நின்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பிலார் பேசப் பேச அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திருச்சிக்காரர் இவ்வளவு வேகமாகப் பேசியதே இல்லை. ஒரு கணம் எல்லாம் போச்சு என்றே நினைத்தாள். பிறகு முதல் வாரப் பாடம் நாக்கில் வந்தது.

"மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்." மெதுவாகச் சொல்லுங்கள், தயவுசெய்து.

பிலார் நின்றார். மாடியைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அக்கி எஸ்தா எல் பான்யோ." கழிவறை இங்கே இருக்கிறதே.

மர்யமுக்கு நீளமாகப் பேச வராது. அவளிடம் இருந்தது அன்றாடச் சில்லறைச் சொற்கள்தான். அதையே எண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

"ஓய், சி. மன்யானா, நோ." இன்றைக்கு உண்டு. நாளைக்கு இல்லை.

விறுவிறுவென்று மாடி ஏறினாள். கதவில் தொங்கிய போர்டைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் 'ஸ்டோர் ரூம்' என்று இருந்தது. மற்ற நாளெல்லாம் அந்தப் பக்கம்தான் வெளியே தெரியும். கீழே இறங்கி, கருவக்காட்டுப் பக்கம் கையை நீட்டினாள். பிலார் தானே நடந்துபோய் அந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். அந்நேரம் பார்த்து ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ரிஃபாய் பின்னாலேயே ஓடி, படபடவென்று ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அதில் 'லோகா' என்று ஒரு சொல்.

"லோகான்னா பைத்தியம். முப்பத்தெட்டாவது பாடம்ணே" என்றாள் மர்யம். "நா பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன். சாவி எங்க?"

பிலாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது. அவர் ரிஃபாயிடம் கையை நீட்டினார். சாவியை வாங்கி, ஈரம் சொட்டும் மர்யமின் கையுறைக்குள் வைத்தார். கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போடாமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"மன்யானா" என்றார். நாளைக்கு வருவாராம்.

கார் போனதும் ரிஃபாய் சொன்னார். "மர்யம், நாளைக்கு நீ வர வேணாம்."

"அவ வரலேன்னா கணவாய நீயே வெட்டிக்க" என்றாள் மீனம்மாள். "மை தெறிக்கும், நல்ல சட்டையாப் போட்டுட்டு வராதே."

மறுநாள் ஆறு மணிக்கு மர்யம் வந்தாள். கேட்டில் ரிஃபாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுக்குப் பின்னால் இருபத்தொன்பது பேர் நின்றார்கள், ஒருத்தியும் முந்தி உள்ளே போகவில்லை. ரோட்டுத் திருப்பத்தில் பிலாரின் கார் தெரிந்தது. ரிஃபாய் கேட்டை விட்டு நகர்ந்தார்.

செபமாலை மிஷினைப் போட்டார். மர்யம் அன்று போனை எடுக்கவில்லை. தூணோரம் போய் டம்ளரின் தூசியைக் கழுவி, கேனைச் சாய்த்து நிரப்பினாள். ரிஃபாயைப் பார்த்துக்கொண்டே அண்ணாந்து குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்தாள். அதையும் அவசரப்படாமல் குடித்தாள். டம்ளரை மீனம்மாளிடம் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். போர்டில் 'பெண்கள்' பக்கத்தைத் திருப்பிவிட்டு உள்ளே போனாள்.

அவள் உள்ளே கால் வைத்ததுமே செபமாலை மிஷினை நிறுத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.