உட்கார நேரமில்லாதவள்

"ஒரு பக்கமாப் புரளுங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே பெரியவள் அப்பாவின் இடுப்புக்குக் கீழிருந்த விரிப்பை உருவினாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். ஆளை அலுங்காமல் வைத்து விரிப்பு மாற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. அழுக்கானதைச் சுருட்டி வாளியில் போட்டாள், புதியதை விரித்து நான்கு மூலையும் மடித்துச் செருகினாள். அதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

'இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க' என்று டாக்டர் அனுப்பி வைத்தபோது, என்னவோ பரிசு கொடுப்பது போலச் சிரித்தார். அன்றோடு டாக்டர்கள் மேலிருந்த மரியாதை போயிற்று. மற்றவர்கள் மேல் அவளுக்கு அப்படியொன்றும் இருந்ததில்லை. தண்ணீரே இறங்காத மனிதருக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று, "கர்த்தர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு நழுவினார்கள். அவர் பார்த்துக்கொள்வார், சரி. படுக்கைத் தட்டை யார் கழுவுவது?

எல்லோரையும்விட அவளுக்கு இளப்பமாகப் பட்டவள் தங்கைதான்.

சின்னவள் அழகு நிலையத்தில் வேலை செய்தாள். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். வந்ததும் கைப்பையைக் கட்டில்மேல் போட்டு, பெரியவள் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்ட விரிப்பின்மேல் காலை மடித்து உட்கார்ந்துகொள்வாள். அதோடு அவள் வேலை முடிந்தது. அன்றைக்கு விடுமுறை என்று மதியமே வந்திருந்தாள். அப்பாவின் முகத்தில் ஏதோ கிரீமைத் தடவி, தாடையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாகக் கிடக்கிறவருக்கு மேக்கப்," என்றாள் பெரியவள், வாளியைத் தூக்கியபடி.

"மேக்கப் இல்லக்கா. தோல் வறண்டு போயிருக்கு."

"அவரைப் பொண்ணு பாக்கவா வராங்க?"

"வந்தாலும் வருவாங்க," என்றார் அப்பா. சின்னவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பெரியவள் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்து, அவர் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். "பேசிப் பேசியே கொன்னுடாதடி," என்றாள்.

போதகர் வந்தார். தலைமாட்டில் நின்று ஜெபித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழவில்லை. டீயும் பிஸ்கட்டும் வரும் என்று அவருக்குத் தெரியும். வந்தன. "இருக்கும்போதேதான்மா ஒருத்தருக்கொருத்தர் அருமை தெரியணும். கர்த்தர் குடுத்த நேரம் இது," என்றார், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. இதை அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். வீடுதான் மாறும், வசனம் மாறாது.

"ஐயா, நீங்களாவது இவகிட்டச் சொல்லுங்க. எல்லாத்தையும் நான் ஒருத்தியே இழுத்துப் போட்டுச் செய்யறேன். இவ வந்து உக்காந்து கதை பேசறா. ஒரு கை குடுக்கச் சொல்லுங்க."

போதகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து யோசித்தது போலிருந்தது. பிறகு மெல்ல, "நீங்களும் கொஞ்சம் உக்காரலாமேம்மா," என்றார்.

"நான் உக்காந்தா ஐயாவுக்கு டீ யாரு போடறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மிச்சம் வைக்காமல் குடித்திருந்தார். சீக்கிரமே கிளம்பிவிட்டார். பெரியவள் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினாள்.

விரிப்பை அலசிப் பிழிந்து முடிக்கும்போது அறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அந்தம்மா கல்யாணத்துக்குப் போகணும்னு பார்லருக்கு வந்தாப்பா. ஒரு புருவம் எடுத்து முடிச்சேன். உடனே ஃபோன். கல்யாணமே நின்னு போச்சாம். 'இன்னொண்ணு வேண்டாம்'னு எழுந்துட்டா."

"ஒத்தப் புருவத்தோடயா போனா?" அப்பாவின் குரல் பஞ்சுபோல இருந்தது.

பெரியவள் பிழிந்த துணியோடு அறை வழியே மாடிப்படிக்குப் போனாள். அப்பா கண்ணைத் திருப்பினார். "பெரியவளே. வாம்மா. கொஞ்சம் உக்காரு."

"இதோ வந்துடறேம்ப்பா. இதை மட்டும் காயப்போட்டுட்டு."

மாடியில் நல்ல வெயில். விரிப்பைப் பலம்கொண்ட மட்டும் உதறினாள். படீர் படீரென்று அடித்தது. கொடியில் போட்டு ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். ஒரு பக்கம் இறங்கித் தெரிந்தது. எடுத்து மறுபடியும் உதறிப் போட்டாள்.

இறங்கி வந்தபோதும் சின்னவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "மறுநாள் காலைல வந்து நிக்கறாப்பா. கல்யாணம் மறுபடி பேசி முடிஞ்சிடுச்சாம். 'மிச்சத்தை எடு'ங்கறா..."

பெரியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சலவைக்கூடத்துக்குத் துணி எடுக்க வார்டு வார்டாகப் போய், இப்படி எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நிறுத்துடி."

"முடிச்சிடறேன்க்கா. பாதில விட்டா அவருக்குப் பிடிக்காது." சின்னவள் திரும்பவில்லை. அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "ஆனா அதுக்குள்ள அவளே வீட்ல பிளேடால மிச்சத்தையும் வழிச்சுட்டு வந்திருக்காப்பா. எடுக்க ஒண்ணுமே இல்ல." பிறகுதான் குரல் உடைந்தது.

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன்க்கா. நீ துணி உதறிட்டு இருந்த."

அதன்பின் பெரியவளுக்கு நிற்க நேரமில்லை. அப்பாவைத் துடைத்தாள், வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்பினாள், நாற்காலிகள் வரவழைத்தாள். வந்தவர்கள் அழுதார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் கொஞ்சம் உரக்க அழுதார்கள்.

அடக்க ஆராதனைக்கு முன்னால் போதகர் அவளைத் தனியே அழைத்தார். "அப்பாவைப் பத்தி ஏதாவது ஒரு சம்பவம் சொல்லுங்கம்மா. நான் பேசும்போது சேத்துக்கறேன். நீங்கதானே கூடவே இருந்தீங்க."

பெரியவள் வாயைத் திறந்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பது நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கம் புரண்டால் முதுகுப்புண் உரசும் என்பது வந்தது. போதகர் காத்திருந்தார்.

"சுத்தமா இருப்பார்," என்றாள்.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த பரிவை அவளால் பொறுக்க முடியவில்லை. "சின்னவளைக் கேளுங்க. அவளுக்குத்தான் கதை தெரியும்," என்றாள். ஏளனமாகச் சொல்லத்தான் நினைத்தாள். சொன்னபோது அப்படி வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் பேசினார். பஸ் ஓட்டிய காலத்தில், ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் அப்பா எங்கேயும் வண்டியை நிறுத்துவாராம். ஏற்றிக்கொண்டு, இறங்குகிற வரை திட்டித் தீர்ப்பாராம். அப்படித்தான் ஒருநாள் அம்மா ஏறினாளாம். "இறங்க வேண்டிய இடம் வந்தும் அந்தம்மா இறங்கல. பதிலுக்குத் திட்டி முடியலையாம்," என்றார் போதகர். கூட்டத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. பெரியவள் அதை முதல் தடவையாகக் கேட்டாள். அவள் வீட்டுக் கதையை, பிஸ்கட் நனைக்கிற மனிதர் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். "இருக்கும்போதே" என்று அவர் மறுபடி ஆரம்பித்தபோது, இந்த முறை அவரை இளக்காரமாகப் பார்க்க முயன்றாள். தலை நிமிரவில்லை. காலடியில் கிளறிப் போட்டிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். வந்தவர்கள் டீ குடித்தார்கள், ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சமையலறை மேசை முழுக்கக் கோப்பைகள். கடைசி ஆளை வழியனுப்பிவிட்டுப் பெரியவள் உள்ளே வந்தாள். சின்னவள் அந்தக் கோப்பைகளுக்கு நடுவிலேயே கையை மடித்துத் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுவத்தான் வந்திருக்கிறாள் போல, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள்.

கோப்பைகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியும். பெரியவளுக்கு அது பெரிய வேலையில்லை. ஒன்றைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

எதிரே இருந்த நாற்காலியை மெதுவாக இழுத்து உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தாள், பிறகு மேசைமேல் வைத்தாள். ஆறிப்போன டீயில் ஆடை படிந்திருந்தது. ஓர் ஈ வந்து கோப்பையின் விளிம்பைச் சுற்றி நடந்தது. அவள் அதை விரட்டவில்லை.