செங்கேயின் பங்கு

வண்டி கிளம்புவதற்கு முன்பே நெலிமாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் நசாம்பு ஒரு பெட்டி சோடாவைத் தூக்கிக்கொண்டு வந்து வேனின் பின்பக்கம் வைத்து, "பசங்களுக்கு" என்றாள். இருபத்து நான்கு புட்டிகள். பசங்கள் என்றால் இரண்டே பேர்தான், நெலிமாவின் இரட்டையர், மகன் முக்வானாவும் மகள் முலோங்கோவும். நான்கு வயது. இருபத்து நான்கு புட்டிகளையும் குடித்தால் ஊர் போய்ச் சேரும்போது மிதந்துகொண்டுதான் இறங்குவார்கள்.

ஒவ்வொரு டிசம்பரும் நைரோபியிலிருந்து கிமிலிலிக்குப் போவது வழக்கம். கணவன் மசிண்டேயின் அப்பா வீடு அங்கே. வழியில் நல்ல மழை பெய்தால் பத்து மணி நேரம், பெய்யாவிட்டால் எட்டு. நெலிமா முந்தின நாளே கூடையைக் கட்டிவிட்டாள். வேகவைத்த சர்க்கரைவள்ளி, அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை, தோல் சீவிய பப்பாளி, பெரிய குடுவை நிறையக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், கை கழுவத் தனியாக ஒரு கேன், சோப்பு. நசாம்பு கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"தண்ணி டாக்டரம்மா மருந்துக் கடையையே தூக்கிட்டு வந்துட்டா."

மசிண்டே சிரித்தான். டிரைவரும் சிரித்தான், அவனுக்கு என்ன தெரியும். நெலிமா சிரிக்கவில்லை. தோள்பையைத் திறந்து, உள் பாக்கெட்டில் இருந்த காகிதப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன டிசம்பரில் மருத்துவமனையில் முலோங்கோவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை அது. ஒரு வருடமாக அதை அவள் தூக்கி எறியவில்லை. எறியப்போவதும் இல்லை.

போன டிசம்பர் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தப்பாகத் தெரிந்தது. ஊருக்குப் போனால் மாமனார் வளவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். கொழுந்தன் வீடு, பெரியப்பா வீடு, சின்னவர் வீடு, ஒன்றையும் விட முடியாது. வேண்டாம் என்று ஒரு வாய் திறந்தால் போதும், இந்த வீட்டில் விஷம் வைப்பார்கள் என்று நீ நினைக்கிறாய் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை அறுந்த மாதிரிதான். போன வருடம் கொழுந்தன் வீட்டில் தூள் கரைத்த ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். மழைக்குப் பிறகு கலங்கிப்போன கிணற்றுத் தண்ணீர். குழந்தைக்கு வேண்டாம் என்று நெலிமா தன் குடுவையை நீட்டினாள். அவ்வளவுதான், நசாம்பு பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இந்த வீட்டுல விஷமா வெக்கிறாங்க?"

ஒரே ஒரு கிளாஸ்தானே, விடேன் என்று மசிண்டே கெஞ்சினான். நசாம்பு முலோங்கோவை மடியில் இழுத்து வைத்துக் கிளாஸைச் சாய்த்தாள். முக்வானா நெலிமாவின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தான். சில நாளில் முலோங்கோவுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி. ஒன்பது நாள் மருத்துவமனை. கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தினார்கள். அதற்காகச் சிரைத்த இடத்தில் இன்னமும் முடி கொஞ்சம் கோணலாகத்தான் வளர்ந்திருக்கிறது.

அதைக்கூட நெலிமா பொறுத்துக்கொண்டிருப்பாள். பார்க்க வந்த நசாம்பு வார்டில் இருந்த அத்தனை அம்மாக்களுக்கும் கேட்கிற மாதிரி, நைரோபியில் கொதிக்கவைத்த தண்ணீரில் வளர்த்தால் வயிறு காகிதம் மாதிரிதான் ஆகும், எல்லாம் தாய் செய்த வேலை என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்டு தலையாட்டியது. மாமியார் தலையாட்டினாள். அன்றிலிருந்து நெலிமாவின் பெயர் தண்ணி டாக்டரம்மா. அன்றிலிருந்து நெலிமா கறுவிக்கொண்டிருந்தாள். எப்படி என்று தெரியாது, எப்போது என்று தெரியாது. ஆனால் ஒருநாள் இவளை இவள் பேச்சாலேயே மடக்க வேண்டும் என்று காய்கறி நறுக்கும்போதும் துணி துவைக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நைவாஷா தாண்டியதும் சோடா உடைபட்டது. வண்டியில் எதைத் திறந்தாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதால் மசிண்டே அக்காவுக்கும் ஒன்றைத் திறந்து நீட்டினான். நசாம்பு வாங்கி, உதட்டருகே கொண்டுபோய், "என் பங்கு இவளுக்கு" என்று முலோங்கோவின் கையில் திணித்தாள். நெலிமா பிடுங்கப் போனாள். பயணத்தில்கூடக் குழந்தையை அழவைப்பாயா என்று மசிண்டே கடிந்துகொண்டான். பாதி குடித்துவிட்டு முலோங்கோ ஏப்பம் விட்டாள். நசாம்பு அதைக் கொண்டாடினாள். கொண்டாடியபடியே நெலிமாவின் கூடையில் கைவிட்டு இரண்டு முட்டையும் ஒரு பிடி கடலையும் எடுத்துக்கொண்டாள். கேலி செய்கிற கூடை, ஆனால் பசிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நகுரு பெட்ரோல் பங்கில் முலோங்கோ எதிர்பார்த்தபடியே நெளிந்தாள். நெலிமா அவளைக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். முதல் கதவு தாழிடாமல் இருந்தது. தள்ளினால் உள்ளே நசாம்பு. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு சின்ன மெஷின், அதில் செருகிய பட்டை, இடது கை நடுவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். நசாம்பு வேகமாகக் கதவைச் சாத்தினாள். நெலிமா உமோஜாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். சர்க்கரை பார்க்கிற அந்த மெஷினை ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது விற்கிறவள். ஒரு நொடி போதும்.

"செங்கே கையில ரத்தம்" என்றாள் முலோங்கோ. அப்பாவின் அக்காவைக் குழந்தைகள் கூப்பிடுவது அப்படித்தான். நெலிமாவும் அப்படியே கூப்பிடுவாள்.

"முள்ளு குத்திருக்கும்" என்று நெலிமா சொல்லிவிட்டு, மகளின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது சந்தோஷம்தான். நசாம்புவுக்குச் சர்க்கரை வியாதி. யாருக்கும் தெரியாது. தோழி வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி ஊரிலிருந்து அவள் நைரோபிக்கு வந்ததுகூட டாக்டரைப் பார்க்கத்தான் இருக்கும். வாய் கொழுத்துத் திரிகிற நசாம்பு, வளவே மதிக்கிற நசாம்பு, தன் உடம்பை மறைத்துக்கொண்டு திரிகிறாள். இவளை மடக்க வேறு ஆயுதம் வேண்டாம், ஒரு கோப்பை டீ போதும்.

எல்டோரெட் வரைக்கும் அவள் அதையே மனதுக்குள் கொதிக்கவைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கோப்பை ஆளைக் கொல்லாது என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியும். கொல்வது அவள் நோக்கமும் இல்லை. நசாம்பு தவிக்க வேண்டும். எல்லார் முன்னாலும், வாயில் வார்த்தை வராமல் தவிக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் தம்பி பெண்டாட்டி கையில் விஷம் என்று ஆகும். குடித்தால் அவஸ்தைப்பட வேண்டும். அவள் போட்ட சட்டம், அவளே அனுபவிக்கட்டும்.

நாலு மணிக்கு வளவுக்குள் வண்டி நுழைந்தது. மாமனார் மகோகா வாழைத் தோப்பின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமியார், கொழுந்தன், அவன் மனைவி, அக்கம்பக்கத்தார் என்று ஒரு இருபது பேர். எட்டு மணி நேரம் இரண்டு பிள்ளைகளோடு வந்தவள் என்றாலும் மருமகள் இறங்கியதும் அடுப்படிக்குத்தான் போக வேண்டும். மற்ற வருடங்களில் இதற்காக நெலிமா மனதுக்குள் திட்டிக்கொண்டே போவாள். இந்த வருடம் ஓடினாள்.

பால் காய்ந்தது. தேயிலை போட்டாள். எல்லோருக்கும் இரண்டு கரண்டி சர்க்கரை. பூப் போட்ட எனாமல் குவளை ஒன்றை மட்டும் தனியாக எடுத்தாள். அதில் ஏழு. கலக்கக் கலக்கக் கரண்டி அடியில் சரசரத்தது. வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் முதல் குவளை நசாம்புவுக்குத்தான். நெலிமா முட்டி போட்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க, செங்கே. களைப்பா வந்திருக்கீங்க."

நசாம்பு வாங்கினாள். குவளையை ஒரு சுற்றுச் சுற்றியதும் அடியில் கரையாத சர்க்கரை சரசரத்தது, உதட்டருகே போன குவளை அங்கேயே நின்றது. நெலிமா எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவரவர் குவளைக்குக் காத்திருந்தார்கள், முதல் வாய் குடித்தால்தான் மற்றவர்களுக்கு வரும். நசாம்புவின் நெற்றியில் வேர்த்தது. நெலிமாவுக்கு அந்த வேர்வையைப் பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது.

அப்போது நசாம்பு சிரித்தாள். பழைய சிரிப்பு.

"முலோங்கோ, இங்க வாடி என் தங்கம். என் பங்கு இவளுக்கு."

குழந்தை ஓடி வந்தது. நசாம்பு அவளை மடியில் சாய்த்து, இடது உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் ஏந்தி, குவளையைச் சாய்த்தாள். முலோங்கோ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நல்லா இருக்கு என்றாள்.

நெலிமா அந்தக் கையையே பார்த்தாள். தாடைக்கு அடியில் ஏந்திய அந்த உள்ளங்கை. அதே மடி, அதே சாய்ப்பு. போன வருடம் கொழுந்தன் வீட்டிலும் நசாம்பு இப்படித்தான் ஏந்தினாள். அன்றும் இதையேதான் சொன்னாள். முலோங்கோவுக்கென்று அன்று யாரும் கிளாஸ் கொடுக்கவே இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டுவர எழுந்த கொழுந்தன் மனைவியை, நான் கொடுக்கிறேன் என்று உட்கார வைத்தவள் நசாம்பு. அது நசாம்புவின் கிளாஸ். தன்னால் குடிக்க முடியாததை, வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டதை, என் குழந்தையின் வாயில் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிவிட்டு விஷமா என்று என்னைக் கேட்டாள். தலையில் ஊசி குத்தும்போது சோடாப் புட்டியோடு வந்து நின்றாள்.

சற்று முன் வரை இருந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டு. நெலிமா முலோங்கோவைத் தூக்கி இறக்கிவிட்டாள். குவளையை வாங்கினாள். அடுப்படிக்குப் போய் மறுபடி நிரப்பினாள், மறுபடி ஏழு கரண்டி. திரும்பி வந்து, இந்தத் தடவை நின்றபடியே நீட்டினாள்.

"அது குழந்தை குடிச்சது. இது உங்க பங்கு. உங்க வாயால குடிங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் கொழுந்தன் பேச்சை நிறுத்தினான். மசிண்டே என்ன என்ன என்று எழுந்தான். நசாம்பு குவளையைத் தொடவில்லை. பிறகு, "என்னால குடிக்க முடியாது" என்றாள்.

மகோகா தாத்தா நாற்காலியில் நிமிர்ந்தார். கேட்க வேண்டியதை அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அது அவர் வளவு.

"என் மருமக கையில விஷம் இருக்குங்கறியா?"

"இல்லப்பா."

"அப்புறம்?"

நசாம்பு தரையைப் பார்த்தாள். "எனக்குச் சர்க்கரை வியாதி. மூணு வருஷமா."

மாமியார் வாயில் கை வைத்தாள். ஐயோ என் மகளே என்று யாரோ ஆரம்பித்தார்கள். நெலிமா அந்த இரக்கத்தை வளர விடவில்லை. தோள்பையிலிருந்து காகிதப் பட்டையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நசாம்புவின் மடியில் போட்டாள்.

"போன வருஷம் இவ குடிச்ச அந்த கிளாஸ் யாரோடது, செங்கே?"

ஒரு கோழி காலுக்குள் வந்து போயிற்று. யாரும் விரட்டவில்லை.

"என்னோடது" என்றாள் நசாம்பு. "குடிக்கவும் முடியல. வேணாம்னு சொல்லவும் வாய் வரல. அதான் குழந்தைகிட்ட..." மிச்சத்தை அவள் முடிக்கவில்லை. கொழுந்தன் மனைவி, தன் வீட்டுச் சாறு என்பதால் ஒரு வருடமாகத் தலை குனிந்திருந்தவள், குனிந்தபடியே அழ ஆரம்பித்தாள். மசிண்டே வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். போகட்டும், ஒரே ஒரு கிளாஸ்தானே என்று சொன்னவன் அவன், அவன் கணக்கு ராத்திரிக்கு இருக்கிறது என்று நெலிமா நினைத்தாள்.

அவளுக்கு நசாம்பு மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று தனக்குள் கொஞ்சம் தேடிக்கூடப் பார்த்தாள், இல்லை. அந்த டீயைக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் ஊற்றினாள். வண்டியிலிருந்து குடுவையை எடுத்து வந்து, அதே பூப் போட்ட குவளையில் தண்ணீர் ஊற்றினாள். சந்தேகப்படுகிறவர்களுக்குக் கொடுப்பவர் முதலில் குடித்துக் காட்டுவது வழக்கம், விரோதிகளுக்கு மத்தியில்தான் அப்படிச் செய்வார்கள். நெலிமா எல்லோரும் பார்க்க ஒரு வாய் குடித்தாள். பிறகு நீட்டினாள்.

"கொதிக்க வெச்ச தண்ணிதான், செங்கே. குடிங்க. வயிறு காகிதமா ஆனா ஆயிட்டுப் போகுது."

நசாம்பு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். நெலிமா நகராமல் நின்றதைப் பார்த்து மிச்சத்தையும் குடித்தாள். குவளையைத் திருப்பிக் கொடுத்தபோது, மடியில் கிடந்த காகிதப் பட்டையை எடுத்து, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல" என்று நெலிமா அதை வாங்கித் தோள்பையின் உள் பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நாள் ஊரில் இருக்க வேண்டும், குவளை நீட்டப்போகிற வீடு இன்னும் பதினொன்று பாக்கி இருந்தது.