மக்ரெல் அறையில் இடமில்லை

1

இந்தக் கதை எனக்கு இலை வாரும்போது கிடைத்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வளாகத்தைச் சுத்தம் செய்வோம். பக்கத்துக் கட்டிடத்துத் தூருன் என்னோடு சேர்ந்து வாரிக்கொண்டே தன் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா மீன் பேரை மட்டும் மாத்திரு" என்றாள். மாற்றிவிட்டேன்.

தொடங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"மழை பெய்துகொண்டிருந்தது." (மழைக்குப் பேர்போன எங்கள் பெர்கன் நகரில் இதை எழுதுவது, காற்று இருந்தது என்று எழுதுவது போல. கோடு போட்டு அடித்தாயிற்று.)

"அன்று காலை தூருன் கணினியின் முன் அமர்ந்தபோது, தன் வாழ்க்கையையே புரட்டிப்போடப் போகும்" (புரட்டிப்போடவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

2

தூருன் வேலை பார்ப்பது, தண்ணீர்க் குழாய்களில் ஓட்டத்தை அளக்கும் மானி செய்யும் ஒரு நிறுவனத்தில். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். கட்டிட நிர்வாகத்தைக் கவனிக்கும் ஸ்டெய்னார் ஒருநாள் அவள் மேசைக்கு வந்தார்.

"மீட்டிங் ரூமெல்லாம் ஆறு மாசமா எத்தனை மணி நேரம் புக் ஆகியிருக்குன்னு எடுத்துக் குடு. பாதி காலியாக் கிடந்தா மூணாவது மாடியை விட்டுரலாம். குத்தகை இலையுதிர் காலத்தோட முடியுது."

"மூணாவது மாடில புகார்ப் பிரிவு இருக்கே, ஸ்டெய்னார்."

"கீழ பெரிய ஹால்ல உக்காரட்டும்."

(இங்கே மேலாளரையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசுவார்கள். என் கைதான் ஸ்டெய்னாருக்கு 'ஆர்' விகுதி போட்டுக்கொண்டே போகிறது. அவர் கேட்டால் சங்கடப்படுவார்.)

தூருன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கணினிக்கு வரிவரியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகள், அவ்வளவுதான். முதல் பாதி, மின்னஞ்சல் அமைப்பிடம் என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று கேட்கும். இரண்டாம் பாதி, ஒவ்வோர் அறையின் நாட்காட்டியையும் திறந்து மணிக்கணக்கைக் கூட்டும். கட்டிடத்தில் இருப்பவை பதின்மூன்று அறைகள். எல்லாவற்றுக்கும் மீன் பெயர்கள்.

ஸ்கிரிப்ட் பதினான்கு என்றது.

3

பதினான்காவது அறை மக்ரெல். அதுதான் பட்டியலில் முதலிடம். அலுவலக நேரத்தில் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியிருந்தது.

மக்ரெலை இடித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அது இருந்த இடத்தில் இப்போது மழைக்கோட்டுகள் உலர்த்தும் அலமாரி நிற்கிறது. சுவரை இடித்தார்கள். அறையின் மின்னஞ்சல் முகவரியை யாரும் நீக்கவில்லை. (நீக்கியிருக்க வேண்டியவள் தூருன்தான். இதை நான் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் சொன்னாள்.)

அந்த அறையைப் பதினொரு பேர் மாற்றி மாற்றி எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பங்கேற்பவர் ஒரே ஒருவர்தான், அறையை எடுத்தவர். அதிகம் எடுத்தவள் புகார்ப் பிரிவு ஓட்னி. செவ்வாய், வியாழன், ஒரு மணியிலிருந்து மூன்று வரை. தலைப்பு: 'தொடர் ஆய்வு'.

பதினோராவது பெயர் ஸ்டெய்னார் என்று வைத்தால் கதை அம்சமாக அமையும். எழுதியும் பார்த்தேன். ஆனால் பட்டியலில் அவர் இல்லை. அவருக்கு உண்மையாகவே கூட்டங்கள் பிடிக்கும்.

4

மதிய உணவின்போது தூருன் ஓட்னியின் எதிரில் போய் உட்கார்ந்தாள். ஓட்னிக்கு ஐம்பத்தெட்டு வயது. மொறுமொறு ரொட்டியின்மேல் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் எங்க போற, ஓட்னி?"

"மக்ரெலுக்கு."

"அங்க கோட்டுல்ல காயுது."

ஓட்னி இன்னொரு துண்டு சீவினாள். "காலண்டர்ல காலியா விட்டா யாராவது கூட்டம் போட்டுருவாங்க. வேலை இருக்குன்னு எழுதினா, கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமான்னு கேப்பாங்க. ரூம் பேரு போட்டிருந்தா மட்டும் யாரும் வாயே திறக்கிறதில்ல. பாவம், அவளுக்கு ரூம் கிடைச்சிருக்குன்னு விட்டுர்றாங்க."

"சரி, அந்த ரெண்டு மணி நேரம் என்ன பண்ற?"

"என் சீட்ல உக்காந்து, புகார் குடுத்தவங்களுக்குப் போன் பண்றேன்."

"அதானே உன் வேலை."

"ஆமா. அதைப் பாக்க வேற நேரம் ஏது?" சீஸைத் தள்ளி வைத்தாள். "வோஸ் ஊர்ல ஒரு பெரியவர். அடித்தளத்துல தண்ணி ஏறுது, மானி ஒண்ணுமில்லங்குது. ஏழு வாரமா அவர்கிட்ட பேசுற ஒரே ஆள் நான்தான். ரிப்போர்ட்ல என் பேரைப் போடப்போறியா?"

தூருன் ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டு மேசைக்குப் போனாள்.

5

மக்ரெலை விலக்க ஒரே ஒரு வரி போதும். விலக்கினால் அறைகளின் சராசரி பாதிக்கும் கீழே போகும், மூன்றாவது மாடியும் போகும். விலக்காவிட்டால், இல்லாத அறைக்குக் கணக்குக் காட்டியதாகும்.

அவள் மக்ரெலை அப்படியே விட்டு, பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் நீக்கி அனுப்பினாள். "மெஷின் சொன்னதைத்தானே அனுப்பினேன்" என்றாள் என்னிடம். (இந்த இடத்தில் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடிக்காமல் போனது. வாரியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையைச் சரிசெய்தேன். அவளுக்கும் புரிந்திருக்கும்.)

ஸ்டெய்னார் சதவீதங்களை மட்டும் படித்துவிட்டு, புதிய இயக்குநர் ரன்வெய்க்கு அனுப்பினார். ஸ்டவாங்கரிலிருந்து வந்து அரை வருடமே ஆன ரன்வெய் அசந்துபோனாள்.

"மத்த ரூம்ல இல்லாதது இந்த மக்ரெல்ல என்ன இருக்கு? கண்டுபிடிச்சு எல்லா ரூமையும் அப்படியே மாத்தணும்."

அதற்கு ஓர் ஆய்வுக் குழு: ரன்வெய், ஸ்டெய்னார், தூருன். மூன்றாவது மாடியின் சார்பில் ஒருவர் வேண்டுமே என்று ஓட்னி. நால்வருக்கும் பொதுவான நேரத்தையும் காலி அறையையும் தேட தூருனின் இன்னொரு ஸ்கிரிப்ட் இருந்தது. ஸ்டெய்னார் அதை ஓட்டினார். புதன் காலை எட்டரைக்கு இடம் இருந்தது. மக்ரெலில்.

6

நால்வரும் காபிக் கோப்பைகளோடு உலர்த்தும் அலமாரியின் முன் நின்றார்கள். உள்ளே யாருடைய மஞ்சள் கோட்டோ சொட்டிக்கொண்டிருந்தது. ரன்வெய் கதவைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"எத்தனை பேர் உக்காரலாம்?"

ஸ்டெய்னார் சொன்னார்: "இதை இடிக்கக் கையெழுத்துப் போட்டதே நான்தான். பேரு மறந்துபோச்சு."

"முகவரியை நீக்காம விட்டது நான். தெரிஞ்சேதான் ரிப்போர்ட்டை அனுப்பினேன்" என்றாள் தூருன்.

"அதிகம் எடுத்தது நான்" என்றாள் ஓட்னி. என்ன செய்தாள் என்பதையும், வோஸ் பெரியவரைப் பற்றியும் சொன்னாள்.

ரன்வெய் கேட்டுக்கொண்டே நின்றாள். "தண்ணி நின்னுச்சா?"

"போன வியாழக்கிழமை நின்னுச்சு. மானிதான் தப்பு. நம்ம மானி."

"தூருன், இந்த ரூமை லிஸ்ட்லேர்ந்து நீக்கிரு. இனிமே எதையாவது மறைச்சு எனக்கு அனுப்பாத. ஸ்டெய்னார், மூணாவது மாடி இருக்கட்டும். செவ்வாய், வியாழன் மத்தியானம் யாரும் கூட்டம் போடக்கூடாது."

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. என் மனைவிக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது.

7

மூன்று வாரம் அப்படியே நடந்தது. நான்காவது வாரம் எல்லோருக்கும் ஓர் அழைப்பு வந்தது: கூட்டமில்லாத மதியங்கள் எப்படிப் போகின்றன என்று மதிப்பிட ஒரு கூட்டம். வியாழன், ஒரு மணி.

ஓட்னி தூருனின் மேசைக்கு வந்து நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

ஓட்னி வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். தூருன் புதிய அறை சேர்க்கும் படிவத்தைத் திறந்தாள். எத்தனை பேர் அமரலாம் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று அடித்தாள்.

பெயர்க் கட்டத்தில் அவள் என்ன அடித்தாள், கடைசிப் பொத்தானை அழுத்தினாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மீன் பெயராக இருக்கட்டும். சந்தேகம் வராது.