ராஜா குதித்த கட்டம்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்ட வருடம் அது. கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் நின்றுபோயிருந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் விழுந்து கிடந்த புளியமரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த என் மகன் இளவரசனைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்கள் கரும்புக்குள் ஓடினார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லையாம்.

மறுநாள் அம்மன் கோயில் தேர். முதல் மரியாதையாகப் பரிவட்டம் எங்கள் குடும்பத்து மூத்த ஆணுக்குக் கட்டுவார்கள். அண்ணன் போன பிறகு அது என் தலைக்கு வந்தது. இந்த வருடம், இளவரசனைப் பிடித்துப் போன அன்றைக்கே, அண்ணன் மகன் வெங்கடேசன் ஊரைக் கூட்டிவிட்டான்.

"ஜெயில்ல கீற புள்ளையோட அப்பனுக்குப் பரிவட்டமா? மூத்தவரு வூட்டு வாரிசு நானு."

என் கை தடியைத் தேடியது. ஊர்ப் பெரியவர் வேடியப்பன் நடுவே வந்து நின்றார். "ஏரிக்கரையில வேன் நிக்கிது. ஒரு அடி விழுந்தா மொத்த ஊரையும் அள்ளிக்கினு போவான். ரெண்டு பேரும் சதுரங்கம் ஆடுறவங்கதான? பலகையில தீத்துக்குங்க. ஜெயிச்சவருக்குப் பரிவட்டம்."

அவருடைய வெல்லக் கொட்டகையில் பலகை விரித்தோம். மதியம் தாண்டியபோது என் ராஜா கடைசி வரிசையில், முன்னால் நின்ற மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தான். வெங்கடேசனின் யானை அந்த வரிசையில் இறங்கினால் ஆட்டம் முடிந்தது. நகர்த்த வேண்டியது நான்.

இரண்டு ஓரத்துச் சிப்பாய்களில் எதைத் தள்ளி வழி திறந்தாலும், திறக்கும் கட்டத்தை அவன் குதிரை பார்த்துக்கொண்டிருந்தது. நடுச் சிப்பாயைத் தள்ளினால் அந்தக் கட்டம் தூரத்தில் நின்ற அவன் பிஷப்புக்கு. என் யானை எதிரி எல்லையில், தன் சிப்பாய்க்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வர வழியில்லை. அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் போய்க் கரை சேர்ந்தாலும் மந்திரியாகாது. எங்கள் ஊர் ஆட்டத்தில் எந்தப் பத்தியில் கரை சேர்கிறதோ, அந்தப் பத்திக்குரிய காயாகத்தான் மாறும். அது குதிரைப் பத்தி. அங்கே பிறக்கும் குதிரை என் ராஜாவுக்கு எந்த விதத்திலும் உதவாது.

"இன்னா சித்தப்பா, தூங்கிட்டீங்களா? பொழுது போவுது, கைய வையுங்க."

"ஒங்கப்பனுக்கு நாந்தான்டா ஆடக் கத்துக்குடுத்தேன். பேசாம குந்து."

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு காயாக, ஒவ்வொரு கட்டமாக. எங்கும் சாவுதான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் தோற்றால் என் பிள்ளையைக் குற்றவாளி என்று ஊரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் திரும்பி வந்து எந்த முகத்தோடு தெருவில் நடப்பான்?

ஒரு வழி மிச்சம் இருந்தது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலக் குதிக்கலாம். ஊர் முழுக்க அப்படி ஆடுவார்கள். நாங்கள் மட்டும் மாட்டோம். ராஜா குதித்தால் அது ஓட்டம் என்பார் எங்கள் அப்பா. அண்ணன் குதித்ததில்லை. நானும் குதித்ததில்லை. வெங்கடேசன் இந்தக் கண்ணியைப் பின்னியதே அந்தத் தைரியத்தில்தான்.

குதிக்க மூன்று கட்டங்கள். ஒன்றில் யானையின் பார்வை. ஒன்றில் பிஷப்பின் பார்வை. மூன்றாவது என் சிப்பாய்களைத் தாண்டி முன்னால், அவன் குதிரைக்குப் பக்கத்துக் கட்டம். அந்தக் குதிரைக்குத் துணையில்லை. என் ராஜாவுக்கும்தான்.

மரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவனை நினைத்துக்கொண்டேன். ராஜாவை எடுத்து அங்கே வைத்தேன்.

வெங்கடேசனின் முகம் கறுத்தது.

"நம்ம வூட்டு ராஜா குதிக்கிறதா? தாத்தா இருந்திருந்தா..."

"எங்க நிக்கிறான்னு பாருடா. பின்னாடியா போயிருக்கான்?"

அவன் பார்க்கவில்லை. போட்டு வைத்த கணக்கை விட மனமில்லாமல், யானையைக் கடைசி வரிசையில் ஓங்கி இறக்கினான். அந்த வரிசையில் என் ராஜா இல்லை. நான் அவன் குதிரையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் அவசரத்தில் ஆடினான். நான் நிதானமாக ஆடினேன். கடைசியில் அவன் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு எழுந்தான்.

"ஓடி ஜெயிச்சீங்க சித்தப்பா. நாளைக்கு ஊருக்கு முன்னாடி தலையக் குனிஞ்சி கட்டிக்குங்க."

"குனிய மாட்டேன்," என்றேன். "பூசாரிய முக்காலி எடுத்தாந்து, ஏறி நின்னு கட்டச் சொல்லு."