கடைசி வீட்டுச் சாப்பாடு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் சட்டாம்பிள்ளை என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, பேரப்பிள்ளைகள் வரை நிலைத்துவிட்டது. ரிட்டயர் ஆனதிலிருந்து, தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு நாங்கள் இருவரும் ஒரு சமையல் கூடத்திலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் கார் ஓட்டுவார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு வழி சொல்வேன். பாதி வழி சண்டையிலேயே போகும். வயசானவர்கள் என்று பேர்தானே தவிர, அவர்களில் பாதிப்பேர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. டப்பாவை வாசலில் வைத்துவிட்டு ஓடிவரக் கூடாது. காலிங்பெல் அடித்து, ஆள் வந்ததும், "உடம்பு எப்படி இருக்கு? ஏதாவது சிரமம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நகரக் கூடாது. வீட்டு ஆளைக் கேட்காமல் டப்பாவைத் திருப்பி எடுத்து வரவும் கூடாது. யாராவது மூட்டுவலிக் கதையை ஆரம்பித்தால் அடுத்த வீட்டுச் சாப்பாடு ஆறி அவலாகிவிடும். அதைப் பற்றி அவருக்கென்ன?

இப்படி ஊரையே விசாரிக்கிற மனுஷன் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "ஏன் இப்பல்லாம் அரை டம்ளர் டீதான் தர்றே? பால் விலை ஏறிடுச்சா?"

பால் விலை ஏறவில்லை. என் கை நடுங்குகிறது. முழு டம்ளர் ஊற்றினால் மீதி அவர் சட்டையில்தான் இருக்கும். போன வாரம் வெந்நீர்ப் பாத்திரம் நழுவியது, நல்லவேளை, கால் தப்பியது. அடுப்பைப் பார்த்தாலே பயம். ஆனால் இவரிடம் சொன்னால், "நீ ரெஸ்ட் எடு" என்று காரிலிருந்து இறக்கிவிடுவார். அவர் ஊர் சுற்ற, நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா? அது மட்டும் நடக்காது.

அதனால் சமையல் கூடத்துப் பெண்ணிடம் ரகசியமாக எங்களுக்கும் சாப்பாடு கேட்டேன்.

"ஐயா ஒத்துக்கணுமேம்மா!"

"நீ பையில வை. அவரை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் எல்லா வீடும் முடிந்த பிறகும் பையில் டப்பா மிச்சமிருந்தது. மேலே ஒட்டியிருந்த முகவரியைப் படித்தவர் காரை ஓரம் கட்டினார்.

"இது நம்ம வீடாச்சே! அந்தச் சமையல் கூடத்துப் பொண்ணு பாத்த வேலையா? நாம என்ன முடியாதவங்களா? திருப்பிக் குடுத்துடலாம்."

"வீட்டு ஆளைக் கேக்காம திருப்பக் கூடாதுன்னு சொன்னது யாராம்?"

வீடு வந்ததும் நான் இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே சத்தமே இல்லை. திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாரோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். அப்புறம் பெல் அடித்தது.

சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி நின்றார். "வணக்கம்மா. சாப்பாடு கொண்டு வந்திருக்கேன். உடம்பு எப்படி இருக்கு? ஏதாவது சிரமம் இருக்கா?"

"இருக்கு தம்பி. வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரு, பெரிய தொல்லை."

"அடடா! வேற?"

விளையாட்டாகத்தான் வாயைத் திறந்தேன். "கை நடுங்குதுங்க. அடுப்புலேருந்து பாத்திரத்தை இறக்க முடியலை. சொன்னா அவரு என்னைக் கார்ல ஏத்தமாட்டாரோன்னு பயமா இருக்கு."

சிரிப்பு போய்விட்டது அவருக்கு. பதில் வந்த பிறகும் நகரவில்லை.

"எப்பலேருந்து?"

"டீ அரை டம்ளர் ஆனதிலேருந்து."

உள்ளே வந்தார். டப்பாவைத் திறந்து இரண்டு தட்டில் போட்டார். சாப்பாட்டில் உப்பு கம்மி, இத்தனை வருஷமாக இதையா எல்லாருக்கும் கொடுத்தோம் என்று இருவருக்குமே வெட்கமாகிவிட்டது.

பிறகு டீ போடுகிறேன் என்று சமையலறையில் எதையெதையோ உருட்டிவிட்டு வந்தார். இரண்டு டம்ளரிலும் பாதிதான் இருந்தது.

"என்னங்க, பால் விலை ஏறிடுச்சா?"

"இனிமே இந்த வீட்ல எல்லாருக்கும் அரைதான்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மனுஷன். "நாளைக்கு நேரத்தோட கிளம்பி இரு. டப்பாவை நான் தூக்கறேன், நீ வழி சொன்னா போதும்."

"இத்தனை வருஷமாப் போற வழி உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். சண்டை போட ஆள் வேணாமா?"